கீமோவுக்கு முன் ஒரு கேள்வித்தாள்

புற்றுநோய்ப் பிரிவுக்கு 75 வயதில் ஒருவர் வந்தால், சிகிச்சையைத் தீர்மானிக்கும் கோப்பில் அவரைப் பற்றி இரண்டு எண்கள் ஏறும். ஒன்று வயது. மற்றொன்று 'பிஎஸ்' என்ற இரண்டெழுத்துக்குப் பக்கத்தில் எழுதப்படும் 0 முதல் 4 வரையிலான ஓர் இலக்கம். நோயாளி தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்கிறாரா, பகலில் பாதிக்கு மேல் படுத்தே கிடக்கிறாரா என்பதைச் சொல்லும் மதிப்பு அது. 1940களின் கடைசியில் டேவிட் கார்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர், நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற மருந்தைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த காலத்தில் 100 மதிப்பெண் அளவுகோல் ஒன்றை வகுத்தார். அதே சிந்தனையைப் பின்னால் ஈகாக் என்ற ஆய்வுக் கூட்டமைப்பு சில படிகளுக்குள் அடக்கியது. இன்றும் உலகம் முழுக்கப் புழங்குவது இதுதான். பத்து விநாடியில் போட்டுவிடலாம். பெரும்பாலும் நோயாளி கதவிலிருந்து நாற்காலிக்கு நடந்துவரும் நேரத்திலேயே போட்டாகிவிடுகிறது.

இளைய நோயாளிக்கு இது பெரிய பழுதில்லாமல் வேலை செய்கிறது. முதியவரிடம் பல விஷயங்களைக் கோட்டைவிடுகிறது. சென்ற மாதம் குளியலறையில் இருமுறை விழுந்தார், ஒரு நாளைக்கு ஒன்பது மாத்திரை விழுங்குகிறார், மனைவி இறந்த பிறகு சரியாகச் சாப்பிடுவதில்லை, மருந்துச் சீட்டை மகள் படித்துச் சொன்னால்தான் உண்டு. இவ்வளவும் இருக்கும் ஒருவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து பேசினால் அவருக்கு 'பிஎஸ் 1' கிடைத்துவிடும்.

தள்ளாமை என்று நாம் சொல்வதை மருத்துவம் அளக்கத் தொடங்கியது அண்மையில்தான். உடலின் பல உறுப்புகளிலும் கைவசம் இருக்க வேண்டிய கூடுதல் திராணி கரைந்துபோய், சின்ன அடிக்கே மொத்தமும் ஆட்டங்காணும் நிலை அது. 2001இல் லிண்டா ஃபிரைடும் குழுவினரும் ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள்: தானாக எடை குறைதல், ஓயாத அசதி, கைப்பிடி தளர்தல், நடை மெதுவாதல், நடமாட்டம் சுருங்குதல். மூன்று இருந்தால் தள்ளாமை. ஒன்றிரண்டு இருந்தால் அதன் வாசற்படி. கனடாவில் கென்னத் ராக்வுட் வேறு வழியில் போனார். ஒருவரிடம் சேர்ந்திருக்கும் குறைகளை எண்ணிக் கூட்டுவது அவர் முறை. இரண்டில் எது சரி என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. புற்றுநோய் மருத்துவருக்கு அந்த வாதம் அவ்வளவு முக்கியமில்லை. அவர் கவலை வேறு: நான் கொடுக்கப்போகும் மருந்தை இந்த உடம்பு தாங்குமா?

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வோம். 78 வயது மூதாட்டி, 45 கிலோ எடை. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 0.9 என்று வருகிறது. ஆய்வகச் சீட்டில் அது 'நார்மல்' எல்லைக்குள். யாரும் அடிக்கோடு போட மாட்டார்கள். ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய உடம்பில் அது குறைவாகத்தான் சுரக்கும். 1976இலிருந்து புழக்கத்தில் இருக்கும் காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் வயதையும் எடையையும் போட்டுக் கணக்கிட்டால், அவருடைய சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 37 மில்லிதான் வடிகட்டுகிறது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைக் கொடுக்கப் பொதுவாக 50, 60 வேண்டும் என்பார்கள். அந்த மருந்து செவிப்புலனையும் பாதிக்கும். விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும் ஆக்சாலிபிளாட்டின், பாக்லிடாக்சல் போன்றவை ஏற்கெனவே தடுமாறி நடப்பவரைக் கீழே தள்ளிவிடக்கூடும். 50 வயதுக்காரருக்கு 'பாதம் மரமரங்குது' என்பது தொந்தரவு. 80 வயதுக்காரருக்கு அது இடுப்பெலும்பு முறிவின் முதல் படியாகிவிடலாம்.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஏன் இத்தனை காலம் அளக்கவில்லை என்றால், மருந்துகள் சோதிக்கப்பட்டது முதியவர்கள் மேல் இல்லை என்பதே முதல் காரணம். 1999இல் லாரா ஹட்சின்ஸ் குழு வெளியிட்ட கணக்கு இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. அமெரிக்கப் புற்றுநோயாளிகளில் 63 சதவீதம் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் ஆராய்ந்த மருந்துச் சோதனைகளில் சேர்க்கப்பட்டவர்களில் அந்த வயதினர் 25 சதவீதம். திடமான நடுவயது உடம்பில் கண்ட அளவை, மெலிந்த முதிய உடம்புக்கு அப்படியே எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். ஃபுளோரிடாவில் லொடோவிகோ பால்டுச்சி, மார்ட்டின் எக்ஸ்டெர்மான் போன்றோர் 1990களிலேயே இதைச் சொல்லிவந்தார்கள். 2000இல் முதியோர் புற்றுநோய்க்கான பன்னாட்டுச் சங்கம் உருவானது. இவை வரலாற்றுக் குறிப்புகள், வேகமாகக் கடந்துவிடலாம். நின்று பார்க்க வேண்டியது 2011இல் ஆர்த்தி ஹுர்ரியா வெளியிட்ட ஆய்வு.

கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனையில் பணியாற்றிய ஹுர்ரியா, 65 வயதைக் கடந்து கீமோ தொடங்கவிருந்த 500 பேரைப் பல மையங்களில் பின்தொடர்ந்தார். அவர்களில் 53 சதவீதம் பேருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் 11 அம்சங்களை அவர் பிரித்தெடுத்தார். வயது, புற்றின் வகை, மருந்தளவு, ஹீமோகுளோபின், சிறுநீரக வடிகட்டல் போன்றவை எவரும் எதிர்பார்த்தவை. பட்டியலின் மறுபாதிதான் புதிது: காது சரியாகக் கேட்கிறதா, கடந்த ஆறு மாதத்தில் விழுந்தீர்களா, மாத்திரை எடுத்துக்கொள்ள யார் உதவியாவது வேண்டுமா, ஒரு தெருத் தொலைவு நடக்க முடியுமா, நாலு பேரைப் பார்க்கப் போவது குறைந்துவிட்டதா. இந்தக் கணக்கில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களில் 30 சதவீதம் பேருக்குத்தான் கடும் விளைவு. உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களில் 83 சதவீதம் பேருக்கு. கார்னோஃப்ஸ்கி மதிப்பெண்ணோ எதையும் முன்னறிவிக்கவில்லை. ஹுர்ரியா 2018இல் ஒரு சாலை விபத்தில் இறந்தார்.

காதுக்கும் கீமோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். உறுதியான விடை அந்த ஆய்வில் இல்லை. என் ஊகம் இது: '100.4க்கு மேல் காய்ச்சல் வந்தால் ராத்திரி என்றாலும் உடனே வந்துவிடுங்கள்' என்று நர்ஸ் சொன்னது காதில் விழாதவர், மூன்று நாள் கழித்து ரத்த அழுத்தம் விழுந்த நிலையில் ஆம்புலன்ஸில் வருகிறார்.

இனி, யாருக்கு முழு மதிப்பீடு வேண்டும் என்று வடிகட்டும் சோதனைக்கு வருவோம். முதியவரை முழுமையாக மதிப்பிடுவது என்பது உடல் திறன், நடை, நினைவாற்றல், மனச்சோர்வு, ஊட்டம், பிற நோய்கள், மருந்துகள், வீட்டில் யார் துணை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. 1930களில் லண்டனின் ஒரு மருத்துவமனையில், படுக்கையிலேயே கைவிடப்பட்டிருந்த முதியவர்களை மார்ஜரி வாரன் இப்படிப் பரிசோதித்துப் பலரை எழுந்து நடக்கவைத்த காலத்திலிருந்து முதியோர் மருத்துவத்தின் அடிப்படை அதுதான். ஆனால் ஒருவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். முதியோர் நல மருத்துவரும் வேண்டும். எல்லாருக்கும் செய்ய முடியாது, ஆகவே யாருக்கு அவசியம் என்று முதலில் சலித்தெடுப்போம் என்ற எண்ணத்தில் பிறந்தவைதான் குறுங்கேள்வித்தாள்கள். 13 அம்சங்கள் கொண்ட வெஸ்–13 அமெரிக்காவில் 2001இல் வந்தது. ஜி–8 பிரான்சின் போர்டோ நகரக் குழுவினர் உருவாக்கியது, புற்றுநோயாளிகளுக்கென்றே செய்யப்பட்டது.

ஜி–8இல் எட்டுக் கேள்விகள், மொத்தம் 17 மதிப்பெண். மூன்று மாதத்தில் சாப்பாடு குறைந்ததா, எடை குறைந்ததா, வெளியே போய்வருகிறாரா, நினைவு தடுமாற்றமோ மனச்சோர்வோ உண்டா, உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பிஎம்ஐ எவ்வளவு, தினம் மூன்று மருந்துக்கு மேல் எடுக்கிறாரா, தன் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் தன் உடல்நிலையை எப்படி நினைக்கிறார், வயது என்ன. 14 அல்லது அதற்குக் கீழ் வந்தால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். நான்கைந்து நிமிடத்தில் ஒரு நர்ஸ் முடித்துவிடலாம்.

பிரான்சில் 1,400க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆன்கோடாஜ் ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது. முழு மதிப்பீட்டில் குறை இருந்தவர்களில் 76.5 சதவீதத்தினரை ஜி–8 பிடித்தது. குறை இல்லாதவர்களில் 64.4 சதவீதத்தினரைச் சரியாக விடுவித்தது. வெஸ்–13க்கு இவை 68.7, 74.3. ஜி–8 பரவலாக ஏற்கப்பட இந்த எண்களே காரணம். எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. அந்த ஆய்வில் வந்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு முழு மதிப்பீட்டில் ஏதாவது ஒரு குறை இருந்தது. 100 பேர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். குறையுள்ள 80 பேரில் 61 பேர் பிடிபடுவார்கள், 19 பேர் நழுவிவிடுவார்கள். குறையில்லாத 20 பேரில் 13 பேர் தேறுவார்கள். ஆக, 'உங்களுக்கு ஒன்றும் இல்லை' என்று அனுப்பப்படும் 32 பேரில் 19 பேருக்கு ஏதோ ஒன்று இருக்கிறது. ஏழு அளவைகளில் ஒன்று பிசகினாலே குறை என்று அந்த ஆய்வு தாராளமாக எடுத்துக்கொண்டது உண்மைதான். நழுவியவர்கள் எல்லாரும் ஆபத்தில் இருப்பவர்கள் அல்லர். ஆனாலும் நெதர்லாந்தின் மரியே ஹாமாக்கர் 2012லேயே இருந்த கருவிகளை எல்லாம் அலசிவிட்டு, எதுவும் தனித்து நம்பத்தக்க அளவுக்குப் பிரித்துக்காட்டவில்லை என்று எழுதியதை ஒதுக்க முடியாது. பத்துப் பேரில் எட்டுப் பேர் உள்ளே போக வேண்டிய இடத்தில் வாசலில் காவலாளி எதற்கு?

ஆள் இல்லாததுதான் பதில். அதனால் ஜி–8ஐத் தூக்கி எறிவதில் பொருளில்லை. தேறியவரைப் பற்றி நிம்மதி அடையாமல், தேறாதவரைப் பற்றிச் சுறுசுறுப்பாகும் கருவியாக மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும்.

தேறாதவருக்கு என்ன செய்வது? இங்கேதான் ஆய்வுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. பிரான்சின் எசோஜியா ஆய்வு 2016இல் வந்தது. முற்றிய நுரையீரல் புற்றுடன் 70 வயது கடந்த 494 பேர். ஒரு குழுவுக்கு வழக்கப்படி வயதும் பிஎஸ்ஸும் பார்த்து மருந்து. மறு குழுவுக்கு முதியோர் மதிப்பீட்டைப் பார்த்து: திடமானவருக்கு இரட்டை மருந்து, சற்றுத் தளர்ந்தவருக்கு ஒற்றை மருந்து, தள்ளாதவருக்குக் கீமோவே இல்லை, ஆதரவுச் சிகிச்சை மட்டும். ஆயுள் கூடவில்லை. பக்கவிளைவு ஓரளவு குறைந்தது. கனடாவில் ஏறத்தாழ 350 பேரிடம் நடந்த '5சி' ஆய்வு 2023இல் வெளியானது; மதிப்பீடும் பராமரிப்பும் சேர்ந்து கொடுத்தும் வாழ்க்கைத் தரத்தில் மாற்றம் தெரியவில்லை.

இன்னொரு பக்கம், 2021இல் சுப்ரியா மொஹிலே குழு அமெரிக்காவின் சாதாரணச் சிறு மருத்துவமனைகளில் 718 பேரிடம் நடத்திய 'கேப் 70+' ஆய்வு. முதியோர் மதிப்பீட்டின் சுருக்கத்தையும் அதற்கேற்ற பரிந்துரைகளையும் ஒரு தாளாக மருத்துவர் கையில் கொடுத்தார்கள், அவ்வளவே. தாள் கிடைத்த குழுவில் கடும் பக்கவிளைவு 51 சதவீதம். கிடைக்காத குழுவில் 71. கீழே விழுந்தவர்கள் 12 சதவீதம். மறு குழுவில் 21. முதல் சுற்றிலேயே மருந்தின் வீரியத்தைக் குறைத்துத் தொடங்கியவர்கள் தாள் கிடைத்த குழுவில்தான் அதிகம். அதனால் ஆயுள் குறையவும் இல்லை. அதே ஆண்டு சிட்டி ஆஃப் ஹோப்பில் 605 பேரிடம் நடந்த 'கெய்ன்' ஆய்வில் உணவு ஆலோசகர், இயன்முறையாளர், சமூகப் பணியாளர், மருந்தாளர் என்று ஒரு குழுவே பின்தொடர்ந்தது, பக்கவிளைவு 60.6இலிருந்து 50.5 சதவீதத்துக்கு இறங்கியது. டென்மார்க்கில் ஜி–8இல் தேறாத 142 குடல் புற்றுநோயாளிகளை மட்டும் எடுத்து நடத்திய சிறு ஆய்வு இன்னும் நேரடியானது. முதியோர் மருத்துவர் தலையிட்ட குழுவில் 45 சதவீதம் பேர் திட்டமிட்ட கீமோவை முடித்தார்கள். மற்றக் குழுவில் 28 சதவீதம்.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எனக்குத் தெரியும் வேறுபாடு இது. மதிப்பீட்டை ஆளைப் பிரிக்கும் தராசாக மட்டும் பயன்படுத்திய எசோஜியாவில் பலன் சொற்பம். மாத்திரைகளைக் குறைத்து, சோற்றோடு புரதம் சேர்த்து, கைத்தடி கொடுத்து, நடைப்பயிற்சி தந்து, முதல் சுற்றை இளக்கமாகத் தொடங்கிப் பொறுத்துக்கொண்டால் ஏற்றலாம் என்று முடிவெடுத்த இடங்களில் பலன் தெரிகிறது. கனடா ஆய்வு இந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே அளந்தது வாழ்க்கைத் தரம், பக்கவிளைவு அன்று என்பது ஒரு சமாதானம்தான், விளக்கம் ஆகாது. ஹாமாக்கர் 2018இல் தொகுத்த ஆய்வுகளில், மதிப்பீட்டுக்குப் பின் புற்றுச் சிகிச்சையே மாறியது நான்கில் ஒருவருக்குச் சற்று மேல். புற்றோடு நேரடித் தொடர்பில்லாத வேறு ஏதாவது உதவி பரிந்துரைக்கப்பட்டது பத்தில் ஏழு பேருக்கு. சோதனையின் பயன் எங்கே குவிந்திருக்கிறது என்று இந்த விகிதமே காட்டுகிறது.

தள்ளாமை என்ற முத்திரைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. 'வயசாயிடுச்சு, எதுக்குக் கஷ்டப்படுத்தணும்' என்று சொல்லிச் சிகிச்சையைக் கைகழுவுவது முன்பே இருக்கும் வழக்கம். இனி அதற்கு ஒரு மதிப்பெண்ணும் துணைக்கு வந்துவிடும். 65 வயது தாண்டிய மார்பகப் புற்றுநோயாளிகள் 633 பேரிடம் ஹைமன் மஸ் நடத்திய ஆய்வு 2009இல் வந்தது. வழக்கமான கீமோவுக்குப் பதில் இலகுவான கேப்பசிட்டபின் மாத்திரை பெற்றவர்களிடையே நோய் திரும்புவதும் இறப்பும் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆனது. குணமாக்கக்கூடிய நோயில் வயதுக்கு இரங்கி மருந்தைக் குறைப்பது கருணை அன்று. அதே நேரம் பிரிட்டனில் முற்றிய இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுடன் இருந்த தள்ளாத நோயாளிகள் 514 பேரிடம் நடந்த 'ஜிஓ2' ஆய்வு (2021) வேறு கதை சொல்கிறது. முழு அளவு, 80 சதவீதம், 60 சதவீதம் என மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயைக் கட்டுப்படுத்துவதில் 60 சதவீதம் பின்தங்கவில்லை. நோயாளியின் நிலை அதில்தான் மேலாக இருந்தது. குணமாக்கும் நோக்கமா, தணிக்கும் நோக்கமா என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் ஜி–8 மதிப்பெண்ணை மட்டும் வைத்து மருந்தளவை எழுதுவது இந்த இரண்டு ஆய்வுகளையும் படிக்காதவர் செய்யும் காரியம்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நம்மால் ஒதுக்க முடியாது. 2021க்கான கணிப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். இந்தியாவில் முதியோர் மருத்துவம் கால் ஊன்றியதே சென்னையில்தான். 1978இல் அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு எம்.டி. படிப்பும் வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறக்கப்பட்டது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் முதியோர் புற்றுநோய்க்கென்றே ஒரு கிளினிக் 2018 முதல் நடக்கிறது. ஆக, அறிவு இல்லாமல் இல்லை. புற்றுநோய்ப் பிரிவின் கூட்டத்துக்குள் அதைக் கொண்டுபோவதுதான் பாக்கி.

அப்படியே கொண்டுபோனால் சரிவராது என்பதற்கு ஜி–8இன் பிஎம்ஐ கேள்வி ஒன்றே போதும். 23க்கு மேல் இருந்தால் முழுசாக மூன்று மதிப்பெண். ஆசிய உடம்புக்கு 23இலிருந்தே சர்க்கரை, இதயநோய் அபாயம் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் சொன்னது. இந்திய வரையறையில் அது அதிக எடையின் ஆரம்பம். களையெடுத்து, ஆடு மேய்த்து வாழ்ந்த 70 வயதுப் பெண்மணி, 150 செ.மீ. உயரம், 46 கிலோ என்று வையுங்கள். வாழ்நாள் முழுக்க அதே எடைதான். பிஎம்ஐ 20.4, இரண்டு மதிப்பெண் போயிற்று. 'உங்க வயசுக்காரங்களோட பாத்தா உடம்பு எப்படி இருக்கு ஆத்தா' என்று கேட்டால் 'ஏதோ இருக்கேன்' என்பார். அது 'தெரியாது' என்ற கட்டத்தில் விழும். இன்னும் ஒன்றரை போயிற்று. வேறு எந்தக் குறையும் இல்லாமலே 13.5. சோதனையில் தேறவில்லை. எதிர்த்திசையிலும் பிசகு வரும். சர்க்கரையும் மூட்டுவலியும் கொண்டு, தொந்தியோடு, தசை இல்லாத கால்களில் நிற்கும் நகரத்து ஓய்வூதியருக்கு அதே கேள்வியில் முழு மதிப்பெண்.

அன்றாடக் காரியங்களைக் கேட்கும் பட்டியல்களிலும் இதே சிக்கல். லாட்டனும் பிராடியும் 1969இல் வகுத்த பட்டியலைப் பயன்படுத்தும்போது சமையல், துணி துவைத்தல், வீட்டுவேலை மூன்றையும் ஆண்களுக்குக் கணக்கில் சேர்க்காமல் விடும் வழக்கம் அமெரிக்காவிலேயே இருந்தது. இங்கே பணக் கணக்கு, பஸ் ஏறிப் போவது எல்லாவற்றையும் மகன் பார்த்துக்கொள்ளும் வீட்டில் ஒரு பாட்டிக்கு 'முடியாது' என்று எழுதுவது அவர் தள்ளாமையையா காட்டுகிறது? 'இப்போது செய்கிறீர்களா' என்பதற்குப் பதில், 'ஆறு மாதத்துக்கு முன் செய்த எதை இப்போது விட்டுவிட்டீர்கள்' என்று கேட்டால் ஆளுக்கு ஆள் பொருந்தும். நினைவாற்றலுக்குக் கடிகாரம் வரையச் சொல்வது பென்சில் பிடித்தறியாத கைக்கு அநியாயம். உடலைச் சோதிக்கும் முறைகள் பரவாயில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லிக் கைக்கடிகாரத்தில் நேரம் பார்ப்பதற்கு மொழியும் படிப்பும் வேண்டாம். பாஸ்டனில் 75 வயது கடந்த ரத்தப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில் (2019) நடை விநாடிக்கு 0.1 மீட்டர் குறையக் குறைய இறப்பு அபாயம் ஏறியது. பிஎஸ் நன்றாக இருந்தவர்களிடமும் அப்படியே. எங்கும் நாலு ஓடு போட்ட வராந்தா இருக்கிறது. அதற்கு மேல் கருவி எதுவும் தேவையில்லை.

கேள்வி யாரிடம் போகிறது என்பது அடுத்தது. நம் ஊர்ப் புற நோயாளிப் பிரிவில் பெரியவரோடு மூன்று பேர் வருவார்கள். 'ஐயா, கீழே விழுந்தீங்களா' என்று கேட்டால் மகன் 'அதெல்லாம் இல்ல டாக்டர், நல்லா நடப்பாரு' என்பார். கீமோ கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. 'அப்பாவுக்கு நோய் தெரிய வேண்டாம்' என்று முன்கூட்டியே தனியாக வந்து சொல்லிவிட்டுப் போன மருமகளும் உடன் இருப்பார். நோய் இன்னதென்று தெரியாத ஒருவரிடம் எந்த விலை கொடுத்து எவ்வளவு ஆயுள் வேண்டும் என்று எப்படிக் கேட்பது? டெரி ஃபிரைடு 2002இல், கடும் நோயுற்ற 60 வயது கடந்த 226 அமெரிக்கர்களிடம் கேட்டார். சிகிச்சையால் பிழைத்தாலும் உடல் முடங்கிவிடும் என்றால் 74 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அறிவு மங்கிவிடும் என்றால் 89 சதவீதம் பேர் மறுத்தார்கள். தமிழ்நாட்டில் விடை எப்படி வரும் என்று ஊகிக்க நான் தயாரில்லை. ஆனால் பெரியவரைத் தனியாகக் கேட்காமல் எந்த விடையும் வராது.

கேட்பதற்கு ஆள் உண்டா? வீடு தேடிப் போகும் ஊழியர்களும் இயன்முறையாளர்களும் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் அவர்களுக்கு அந்த வீட்டின் படிக்கட்டு தெரியும், கழிப்பறை எங்கே என்று தெரியும், பெரியவர் சோறு உண்டாரா என்பதும் தெரியும். மருத்துவமனை மேசையில் அரை மணி பேசினாலும் தெரியவராத சேதிகள் இவை. கீமோவோ, நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' எனப்படும் கதிர்வீச்சோ தொடங்கும் முதியவரின் ஊரும் பெயரும் புற்றுநோய்ப் பிரிவிலிருந்து அந்த ஊழியருக்குப் போனால், முதல் சுற்றுக்கு முன் ஒருமுறை வீட்டில் வைத்தே கேட்கலாம். இரண்டாம் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் இடையில் மறுபடி கேட்பது அதைவிட முக்கியம். முதல் நாள் 15 மதிப்பெண் வாங்கியவர் ஆறாவது வாரத்தில் எத்தனை வாங்குகிறார் என்று பெரும்பாலான ஆய்வுகளே பார்க்கவில்லை. மருந்து உடம்பை இறக்குவது அந்த வாரங்களில்தான்.